ஆற்றோரம் ஒரு பென்சில் புள்ளி

வெள்ளையடிக்க வந்தவர் இன்று உங்கள் வரைபடத்தைச் சுவரிலிருந்து கழற்றி என் கையில் கொடுத்தார். "இன்னாம்மா இது, உங்க ஊரா?" என்று கேட்டார். "ஊரு இல்லப்பா, எங்க ஊடு கீது அதுல" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு ஏணியில் ஏறிக்கொண்டார்.

அம்பத்தூர் பழைய பேப்பர் கடையில் நீங்கள் பிடித்து வந்தது. நாம் கண்ணால் பார்த்தே இராத ஏதோ ஒரு ஆறு, இரு பக்கமும் மலை, நடுவில் நாலைந்து கிராமம். வெள்ளைக்காரன் காலத்துத் தாள். இன்னும் அந்தக் கடை வாசனை போகவில்லை. ரிடையர் ஆனதும் அங்கே வீடு கட்டுவதாக விளையாட்டாக ஆரம்பித்தோம். நெமிலிச்சேரியில் மூன்றாம் மாடியில் உட்கார்ந்துகொண்டு, இல்லாத வீட்டுக்கு எத்தனை சண்டை! ஆறு முழுக்கத் தெரியட்டும் என்று நான் மலைமேல் பென்சிலால் புள்ளி வைத்தேன். நீங்கள் ஆற்றோரம் சமதரையில் வைத்தீர்கள்.

"மலை மேல உயரம் காட்டுற கோடுங்க எப்டி நெருங்கிகினு கீது பாரு. செம ஏத்தம். உன் முட்டி தாங்காதுடி."

"என் முட்டிக்கு ஒண்ணும் இல்ல. வெள்ளம் வந்தா நீங்களே நீந்திக்குங்க."

சிரிப்பீர்கள். புள்ளியை மட்டும் நகர்த்த மாட்டீர்கள். சரியான பிடிவாதம் என்று மகளிடம்கூடப் புலம்பியிருக்கிறேன்.

நம் படிக்கட்டில் இரண்டாம் மாடி வந்ததும் நின்று சாவியைத் தேடுவீர்களே. அது சட்டைப் பையிலேயே இருக்கும். மறதி முற்றிவிட்டது என்று நான் கேலி செய்வேன். கடைசியில் ஆஸ்பத்திரியில் டாக்டர், "ரொம்ப நாளாவே மாடி ஏற முடியாம இருந்திருக்குமே, உங்ககிட்ட சொல்லலையா?" என்று கேட்டபோதுதான் அந்தச் சாவி நினைவுக்கு வந்தது. ஏற்றம் தாங்காதது உங்கள் நெஞ்சு. பழியை என் முட்டிமேல் போட்டுவிட்டீர்கள். வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். நானும் ஒரு தடவை திரும்பி உங்கள் முகத்தைப் பார்த்திருக்கலாம். இது மட்டும் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

சுவர் காய்வதற்குள் மலைமேல் இருந்த என் புள்ளியை ரப்பரால் அழித்துவிட்டேன். ஆற்றோரம் உங்கள் புள்ளிமேலேயே பென்சிலை அழுத்தி வைத்தேன். நீங்கள் சொன்ன இடத்துக்கே வந்துவிட்டேன், போதுமா? படியே இல்லாத வீடு. மெதுவாக முன்னால் போய்க் கதவைத் திறந்து வையுங்கள். சாவி உங்கள் சட்டைப் பையில்தான் இருக்கிறது.