சுடுதண்ணீர் வரும் வீடு

வால்டிவியா
9 பிப்ரவரி 1998

அன்புள்ள எலிசியோ அண்ணாவுக்கு,

நெலிதா எழுதுவது. இங்கே இந்த பிப்ரவரிக் கோடையிலும் மழை. உன் அந்தோஃபகாஸ்தாவில் கடைசியாக எப்போது தூறியது என்பது உனக்கே மறந்திருக்கும். அண்ணி கிளாடிஸின் முழங்கால் வலி தேவலையா?

இன்னும் எட்டு வருஷத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து எனக்கு ஓய்வு. வரப்போகும் ஓய்வூதியத்தில் விறகு வாங்கினால் ரொட்டிக்கு இருக்காது. ஆற்றுக்கு அக்கரையில், பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஒரு மரவீடு விலைக்கு வந்திருக்கிறது. மாணவர்களுக்கு வாடகைக்கு விடலாம். மூன்று வீடு வைத்திருப்பவன் நீ. எனக்கோ வங்கி வாசலில் கால் வைக்கவே நடுங்குகிறது. எங்கே தொடங்குவது, சொல்லேன்.

உன் தங்கை,
நெலிதா


அந்தோஃபகாஸ்தா
20 பிப்ரவரி 1998

என் நெலிதாவுக்கு,

"நாப்பது பிள்ளைங்களை ஒரே அதட்டுல உக்கார வெக்கிறவ, மேனேஜரைப் பாத்து நடுங்கறாளா?" என்று கிளாடிஸ் சிரிக்கிறாள்.

விலையில் கால்பங்காவது உன் சேமிப்பாக இருக்கட்டும். முழுக்கடன் தருகிறேன் என்பவனிடமிருந்து ஓடிவிடு. நம் ஊர் வங்கிகளில் தவணை விலைவாசியோடு ஏறும். வாடகையும் அப்படியே ஏறும் என்று ஒப்பந்தத்தில் எழுது. கோடையில் பிள்ளைகள் ஊருக்குப் போய்விடுவார்கள், அதனால் வருஷத்துக்குப் பத்து மாதம்தான் வாடகை வரும் என்று வைத்துக்கொள். ஆறு மாதத் தவணையைத் தனியாக ஒதுக்காமல் கையெழுத்துப் போடாதே. வீட்டைக் கொட்டும் மழையில் போய்ப் பார்; வெயிலில் எல்லா வீடும் அழகுதான்.

வாங்கியதும் கண்ணில் படுவதை முதலில் செய். பெயின்ட், பூட்டு, சமையலறை. கண்ணில் படாததற்கு வாடகைப் பணம் வரட்டும். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன், கெட்டா போனேன்?

உன் அண்ணன்,
எலிசியோ


வால்டிவியா
4 மே 1998

அன்புள்ள அண்ணா,

வாங்கிவிட்டேன். மஞ்சள் பெயின்ட் அடித்தேன். சிலோயே தீவிலிருந்து வந்த அக்காள் தங்கை இருவர் குடிவந்திருக்கிறார்கள். மூத்தவள் யாஸ்னா நர்சிங் படிக்கிறாள், சின்னவள் எதித் முதல் வருஷம். வந்த அன்றே எனக்கு ஒரு கூடை உருளைக்கிழங்கு கொடுத்தார்கள்.

ஒரு சங்கடம். குளியலறையில் இருக்கும் கேஸ் கீசரின் புகைக்குழாய் கூரைக்குள்ளேயே துருப்பிடித்து அறுந்திருக்கிறதாம்; விஷப்புகை வெளியே போகாமல் உள்ளேயே தங்குமாம். சோதித்துப் பார்க்க வந்த கேஸ்காரர் ருதெசிந்தோ, "டீச்சர், இதை மாத்தாம அந்தப் புள்ளைங்களைக் குளிக்க விடாதீங்க" என்றார். தாளிலும் எழுதிக் கொடுத்திருக்கிறார். மாற்றக் கூரையைப் பிரிக்க வேண்டும். ஒதுக்கிய தவணைப் பணத்தில் கைவைக்கவா? இப்போதைக்குச் சன்னலைத் திறந்துவைத்துக் குளிக்கச் சொல்லியிருக்கிறேன்.

நெலிதா


அந்தோஃபகாஸ்தா
15 மே 1998

நெலிதா,

"எல்லாம் சரியா இருக்கு, வரேன்" என்று சொல்லிவிட்டுப் போகிற கேஸ்காரனை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா? அந்தப் பணத்தைத் தொடாதே. அடைமழையில் யாராவது கூரையைப் பிரிப்பார்களா? குளிர்காலம் போனதும் செப்டம்பரில் செய்துகொள்ளலாம். சன்னல் போதும்.

எலிசியோ


வால்டிவியா
30 ஜூலை 1998

அண்ணா,

அன்று தொலைபேசியில் உன்னிடம் முழுதாகப் பேச என்னால் முடியவில்லை. எழுதிவிடுகிறேன்.

அன்று காலை பனி உறைந்திருந்தது. யாஸ்னா சன்னலை மூடிக்கொண்டு குளித்திருக்கிறாள். யார்தான் மூடமாட்டார்கள்? எதித் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு உடைத்திருக்கிறாள். உள்ளே தண்ணீர் சூடாக ஓடிக்கொண்டே இருந்ததாம். இருபத்தொரு வயது.

அவள் அம்மா தீவிலிருந்து படகிலும் பஸ்ஸிலுமாக வந்தாள். நான் வாசலில் நின்றேன். என்னைத் திட்டுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவ குளிரு தாங்கமாட்டா டீச்சரம்மா. ஒங்க வீட்ல சுடுதண்ணி வருதுன்னு ரொம்ப சந்தோசமா எழுதியிருந்தா" என்றாள். கேஸ்காரர் எழுதிக் கொடுத்த தாளைப் பற்றி அவளுக்கு அதுவரை எதுவும் தெரியாது. அங்கேயே, அந்த வாசலிலேயே, நான்தான் சொன்னேன். அவள் என் கையை விட்டுவிட்டாள்.

நீ தொலைபேசியில், "அந்தத் தாளைக் கிழிச்சுப் போடு, கேஸ்காரன் எதுவுமே சொல்லலைன்னு சொல்லு, சன்னலை மூடினது அவதானே" என்றாய். அதை நீ சொல்லாமல் இருந்திருக்கலாம்.

நேற்று நீதிபதியிடம் தாளைக் கொடுத்துவிட்டேன். "ஏன் மாத்தலை?" என்று கேட்டார். "குளிர்காலம் போகட்டும்னு இருந்தேன்" என்றேன். உன் பெயரைச் சொல்லவில்லை. உன்னைக் காப்பாற்ற அல்ல. வீடு என்னுடையது, பயந்தவளும் நான். பள்ளிக்கூடத்தில் வர வேண்டாம் என்றுவிட்டார்கள். தீர்ப்பு எப்படி வந்தாலும் வரட்டும்.

இனி எனக்கு எழுதாதே.

நெலிதா


அந்தோஃபகாஸ்தா
18 அக்டோபர் 1998

நெலிதா,

இதற்கு முன் எழுதிய இரண்டும் பிரிக்காமலே திரும்பி வந்துவிட்டன. இது மூன்றாவது.

என் மூன்று வீடுகளுக்கும் ஒரு கேஸ்காரரைக் கூட்டிப்போனேன். இரண்டாவது வீட்டில் ஐந்து பேர் இருக்கிறார்கள், கைக்குழந்தை உட்பட. அவர் குளியலறைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்து, "இங்க எத்தனை வருசமா ஆளுங்க இருக்காங்க?" என்று கேட்டார். பதினொரு வருஷம் என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அன்றைக்கே எல்லாவற்றையும் மாற்றியாயிற்று.

பதினொரு வருஷமும் எனக்கு இருந்தது அதிர்ஷ்டம், நெலிதா. அதை அறிவு என்று நினைத்து உனக்கு எழுதிவிட்டேன்.

நீதிபதிக்கு நானும் ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறேன். நான் என்ன சொன்னேன் என்று.

இதையும் பிரிக்கமாட்டாய், தெரியும். திருப்பியாவது அனுப்பு. உறையின் மேல் "வேண்டாம்" என்று உன் கையால் எழுதியிருப்பாய். கிளாடிஸ் அந்த இரண்டு உறைகளையும் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

எலிசியோ