மருமகள் துரு வளர்க்கிறாள்

என் அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. மருமகள் வீட்டுக்கு நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் இடுப்பு கழன்றுபோனதைத் தவிர வேறு குறையில்லை. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ என்னை ஒரு வாக்கியத்தையாவது முடிக்க விட்டிருக்கிறாயா? இதில் உன்னால் குறுக்கே பேச முடியாது.

நீ சொல்லி அனுப்பிய காரியத்தை மறக்கவில்லை. "அம்மா, நீ சொன்னா அவ கேப்பா. அந்த ஆராய்ச்சிய விட்டுட்டு இங்க வரச் சொல்லு. வீடுகூடப் பாத்துட்டேன்" என்றாய். நாற்பது வருஷமாகத் தையல்கடை நடத்துகிறவள் நான். அளவு தப்பிய சட்டையைக்கூட 'இதுதான் இப்போ ஃபேஷன்' என்று மாட்டிவிட்டு அனுப்பியிருக்கிறேன். ஒரு பெண்ணை ஊர் மாற்றுவதா பெரிய காரியம்? பத்து நாளில் பெட்டியைக் கட்டவைத்துவிடுகிறேன்.

முதல் நாள் நிலவரம் சொல்கிறேன். உன் மனைவி இளைத்துப்போயிருக்கிறாள். குளிர்சாதனப் பெட்டியில் அரை எலுமிச்சம்பழமும் ஒரு பேட்டரியும்தான் இருந்தன. சமையலறை ஜன்னல் கம்பி துருப்பிடித்துக் கிடந்தது. எனக்குக் கை சும்மா இருக்குமா? உப்புத்தாள் வாங்கிவந்து தேய்த்துப் பளபளவென்று ஆக்கினேன். சாயங்காலம் வந்தவள் பார்த்துவிட்டு ஒரே சிரிப்பு. "அங்க நான் கஷ்டப்பட்டு வளக்கிறேன், இங்க நீங்க தேச்சு எடுக்கறீங்களே அத்தை" என்றாள்.

என்ன வளர்க்கிறாய் என்று கேட்டேன். துருவாம். எனக்குப் பகீரென்றது. மூன்று வருஷமாக 'ஆராய்ச்சி, ஆராய்ச்சி' என்று சொன்னாயே, துரு என்று ஒரு வார்த்தை சொன்னாயா? கேட்கிறவர்களிடமெல்லாம் நான் 'ராக்கெட் மாதிரி ஏதோ' என்று சொல்லிவைத்திருக்கிறேன். துரு வளர ஆராய்ச்சி எதற்கு? வாளியை மழையில் வைத்தால் போதாதா? இதையே நாளைக்குக் கேட்டு அவளை மடக்கப்போகிறேன். வேலை சுலபமாகிவிட்டது, கவலைப்படாதே.

உன் பக்கமே நிற்கும்,
அம்மா


அன்பு மகனுக்கு,

வாளிக் கேள்வியைக் கேட்டேன். மடங்கியது நான்தான். "வாளியில வர்றது பொருக்கு அத்தை, உதிரும். நான் வளக்கிறது படலம். அணு அணுவா வரிசையில நிக்கும். ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்க" என்றாள். உளவு பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு ஏது என்று கிளம்பினேன்.

அவளுடைய ஆய்வக அறையில் ஓர் ஆள் உள்ளே உட்காரும் அளவுக்கு எவர்சில்வர் உருண்டை இருக்கிறது. கைகால் முளைத்த மாதிரி சுற்றிலும் குழாய்கள், வட்ட வட்டமாகக் கண்ணாடி ஜன்னல்கள். பாதி உடம்புக்கு அலுமினியத் தாள் சுற்றி, பொட்டலம் கட்டிய யானை போல நிற்கிறது. உள்ளே காற்றே கிடையாதாம். காற்றை உறிஞ்சும் பம்புகளைப் பார்த்துக்கொள்ள ஒரு மெக்கானிக் இருக்கிறார். எப்போதும் வெற்றிடத்தைப் பற்றியே கவலைப்படுவதால் எல்லோரும் அவரை 'வெற்றிடம்' என்றே கூப்பிடுகிறார்கள். அவரும் "என்ன?" என்று திரும்புகிறார்.

உருண்டையின் நடுவே சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு பிளாட்டினத் தகடு. முகம் பார்த்துத் தலை வாரலாம், அவ்வளவு வழவழப்பு. இரும்புக் கம்பியைச் சூடாக்கினால் அது ஆவியாகிப் பொத்தான்மேல் படிகிறது. பிறகு கொசுவின் மூச்சளவு ஆக்சிஜனை உள்ளே விட்டு, பொத்தானைச் செக்கச்செவேலென்று காய்ச்சுகிறாள். அந்தச் சூட்டில் இரும்பும் ஆக்சிஜனும் தங்கள் தங்கள் இடம் பார்த்து வரிசையில் நின்றுவிடுகின்றன. முதல் அடுக்கு சொன்னபடி கேட்டுத் தட்டையாகப் படுக்கும். அதற்குமேல் போட்டால்தான் வம்பு, திட்டுத் திட்டாக மேடு கட்டிக்கொள்ளும். கொஞ்சம் இரும்பு, சூடு, மறுபடி கொஞ்சம் இரும்பு, மறுபடி சூடு என்று திட்டுகளெல்லாம் ஒன்றுசேரும்வரை விடாமல் செய்யவேண்டும்.

எதற்கம்மா இந்தப் பாடு என்றேன். தொழிற்சாலைகளில் இந்தத் துருப்பொடியை வைத்து ஒரு பொருளை இன்னொன்றாக மாற்றுகிறார்களாம். பொடி என்பது சந்தைக் கூட்டம். எந்த அணு வேலை செய்கிறது, எது வேடிக்கை பார்க்கிறது என்று தெரியாது. வரிசையில் நிறுத்தினால்தான் பிடிபடும். எனக்கு இது நியாயமாகப் பட்டது. நீ தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

ஒரு திரையில் பச்சைப் புள்ளிகள் காட்டினாள். அறுகோணம் போட்ட மாதிரி ஆறு மூலையிலும் பெரிய புள்ளிகள், ஒவ்வொன்றைச் சுற்றியும் பொடிப் புள்ளிகள். முதல் அடுக்கு ஒழுங்காகப் படிந்ததற்கு அது அடையாளமாம். "வலைத்துணி ரெண்ட ஒண்ணு மேல ஒண்ணு போட்ட மாதிரி இருக்கே. மேல இருக்கிறதுக்குக் கண்ணி கொஞ்சம் பெரிசு. அதான் ரெண்டும் சேந்து புதுசா ஒரு டிசைன் காட்டுது" என்றேன். வலைத்துணியில் கவுன் தைத்த யாருக்கும் தெரிந்த சமாசாரம். அவள் நாற்காலியோடு என் பக்கம் திரும்பி, "இதப் புரிஞ்சுக்க எனக்கு ஒரு மாசம் ஆச்சு அத்தை" என்றாள். அதுவரை என்னைக் கண்டுகொள்ளாத வெற்றிடம், எழுந்து தன் நாற்காலியை எனக்குக் கொடுத்தார்.

உன் விஷயத்தை அன்று எடுக்கவில்லை. சமயம் சரியில்லை.

கொஞ்சம் அவகாசம் கேட்கும்,
அம்மா


மகனுக்கு,

மூன்று வாரமாகக் கடிதம் இல்லையென்று கோபித்துக்கொள்ளாதே. இங்கே பெரிய கலவரம் நடந்துவிட்டது.

போன மாதக் கடைசிப் புதன்கிழமை மதியம் சாப்பாட்டு டப்பாவோடு ஆய்வகம் போனேன். என் மருமகள் தரையில் உட்கார்ந்திருந்தாள். பொத்தானைத் தாங்கியிருந்த மெல்லிய கம்பி அறுந்து, அது உருண்டைக்குள் எங்கேயோ விழுந்துவிட்டது. மாற்றுப் பொத்தான் கிடையாது. புதிது வர எட்டு மாசமாகும். எந்திரமோ இன்னும் பத்தே வாரத்தில் வேறொரு குழுவின் கைக்குப் போகிறது. "முடிஞ்சது அத்தை. அவர் சொன்ன மாதிரி நான் கிளம்பிடறேன்" என்றாள்.

நீ கேட்டது அதைத்தானே? 'சரிம்மா, வா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே பெட்டியைக் கட்டியிருப்பாள். வாய்வரை வந்தது. ஆனால் நான் சொன்னது, "மூடியத் தெறக்கச் சொல்லு."

வெற்றிடம் போல்ட்டுகளைக் கழற்றினார். டார்ச் அடித்துப் பார்த்தால், ஒரு குழாயின் கழுத்தில் பொத்தான் செருகிக்கொண்டு நிற்கிறது. அதற்குக் கீழே பம்பு. ஒரு விரற்கடை வழுக்கினால் இரண்டும் போச்சு. வெற்றிடத்தின் கை பாதி வழியிலேயே சிக்கிக்கொண்டது. அதை உருவி எடுக்கவே கால்மணி நேரம். நான் பையிலிருந்து, ஊசி பொறுக்கும் காந்தத்தை வீரமாக எடுத்து நீட்டினேன். பிளாட்டினம் காந்தத்தில் ஒட்டாதாம். அத்தனை பேர் முன்னால் அதைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அப்புறம்தான் கவனித்தேன், அறுந்த கம்பி பொத்தானின் ஓரத்தில் சின்னக் காதுபோல் வளைந்து நீட்டிக்கொண்டிருந்தது. இடுப்புப் பட்டிக்குள் நாடா ஓடிப்போனால் என்ன செய்வோம்? கொக்கி போட்டு இழுப்போம். எனக்குக் கையுறை மாட்டி, தலைக்குத் தொப்பி வைத்து, சுத்தமான கம்பியொன்றை வளைத்துக் கொடுத்தார்கள். முதல் தடவை தப்பியது. இரண்டாவது தடவை பொத்தான் அசைந்து இன்னும் கீழே இறங்கியது. என் மருமகள் கண்ணை மூடிக்கொண்டாள். மூன்றாவதில் மாட்டியது. தையல் பிரிக்கிற மாதிரி மெதுவாக, மெதுவாக மேலே கொண்டுவந்தேன். வெற்றிடம் கைதட்டிவிட்டார். உடனே வெட்கப்பட்டு, பம்பைத் தட்டிக்கொடுப்பதுபோல் பாவனை செய்தார்.

மூடியைப் போட்டு, தாள் சுற்றி, உள்ளே ஒட்டிய ஈரமெல்லாம் போக உருண்டையை இரண்டு நாள் சுட்டு, பொத்தானை ஒரு வாரம் சுத்தம் செய்து, மறுபடி முதலிலிருந்து கொஞ்சம் இரும்பு, கொஞ்சம் சூடு. நேற்று வந்துவிட்டது. ஓரத்திலிருந்து ஓரம்வரை திட்டே இல்லாத முழுப் படலம். திரையில் பொடிப் புள்ளிகள் மறைந்து, பெரிய புள்ளிகள் மட்டும் குத்தூசி முனைபோல் நின்றன. அடித்துணி தெரியாமல் மேல்துணி மூடிவிட்டது என்று அர்த்தம். அவளுக்கு முன்னால் நான்தான் சொன்னேன். இரண்டு வருஷமாக அவள் காத்திருந்தது இதற்குத்தான். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். உங்கள் கல்யாணத்தன்றுகூட எனக்கு அது கிடைக்கவில்லை.

உடனே உனக்குத்தான் போன் செய்தாள். நான் பக்கத்தில் நின்றேன். "வளந்துடுச்சுங்க!" என்றாள். நீ ஏதோ கேட்டாய். "இல்ல... கிளம்ப இன்னும் தேதி பாக்கல" என்றாள். போனை வைத்துவிட்டு, கழுவி வைத்திருந்த சாப்பாட்டு டப்பாவை எடுத்துப்போய் வெகுநேரம் கழுவினாள். நீ என்ன கேட்டாய் என்று நான் விசாரிக்கவில்லை. உன்னைப் பெற்றவளுக்குத் தெரியாதா?

நீ கெட்டவன் இல்லை. தனியாகச் சாப்பிட்டுத் தனியாகத் தூங்குகிறவன். அந்த வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் எந்திரம் கைமாறுவதற்குள் இதையெல்லாம் அளந்து, பிறகு கணக்குப் போட்டு எழுதி முடிக்க அவளுக்கு இன்னும் ஒன்றரை வருஷம் வேண்டும். அதுவரை நான் இங்கேதான் இருப்பேன். கடையை உன் சித்தி பார்த்துக்கொள்வாள்.

ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வா. அவள் கேட்கமாட்டாள், நான் கேட்கிறேன். வந்து அந்த வட்டக் கண்ணாடியில் முகத்தை வைத்து ஒரு தடவை உள்ளே பார். புரியாவிட்டால் புரிந்த மாதிரி தலையாட்டாதே. புரியவில்லை என்று அவளிடமே சொல். அவள் எவ்வளவு அழகாகச் சொல்லித்தருகிறாள் என்று உனக்கு இன்னும் தெரியாது.

நீங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்கவேண்டும், சேர்ந்து இருக்கவேண்டும்.

அம்மா