வெனிலாவுக்குச் சொன்ன ஃப்ளாஷ்

இயேசு மரி சூசை துணை

திண்டிவனம்
11.6.2017

அன்பு மகள் ஜெனித்துக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் இங்கே ஒருவர் தயவில் ஒருவர் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அந்த மஸ்கட் வெயிலில் வாடாமல் இருக்க தினமும் ஜெபமாலையில் ஒரு பத்து மணியை உங்களுக்கென்றே சொல்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் நான் பாதியில் அழுதுவிடுவேன், இல்லையென்றால் நீ டூட்டிக்கு நேரமாச்சும்மா என்று வைத்துவிடுவாய். பச்சைமுத்து லீவு முடிந்து புதன்கிழமை அங்கே திரும்புகிறான், அவனிடம் மல்லாட்டையை வறுத்து வெல்லப்பாகில் பிடித்த உருண்டையோடு இதையும் கொடுத்து அனுப்புகிறேன். அப்பாவுக்கு முட்டிவலி தேவலை, ஆனால் சைக்கிளை விடமாட்டேன் என்கிறார்.

போன லீவில் நீ விட்டுவிட்டுப் போன சின்ன மிரர்லெஸ் கேமராவை நான் பீரோவில் வைத்துப் பூட்டவில்லை என்பது உனக்குத் தெரியும். ரவிக்கை தைக்கக் கொடுக்க வருகிறவர்களை எடுத்து எடுத்தே கை பழகி, இப்போது வளைகாப்பு, மஞ்சள் நீர் என்று பெண்கள் கூடுகிற வீடுகளில் "சூசை மேரி அக்காவே வரட்டும், ஆம்பள போட்டோகிராபர்னா கூச்சமா கீது" என்று கூப்பிடுகிறார்கள். பகல் வெளிச்சத்தில் என் படத்துக்குக் குறை சொல்ல ஆள் இல்லை, வெளிச்சம் குறைந்த இடத்தில்தான் மானம் போகிறது, அதில் ஃப்ளாஷ் கிடையாதே. மே மாதம் நம் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மைப் பிள்ளைகளை நானும் எடுத்தேன், விழுப்புரத்திலிருந்து வந்து உன் பெரியப்பா மருமகள் வெனிலாவும் எடுத்தாள், அவள் கேமரா தலையில் பெரிய ஃப்ளாஷ். என் படத்தில் பிள்ளைகள் முகமெல்லாம் கேப்பை மாவு தூவியது போல புள்ளி புள்ளியாக இருந்தது. அவள் படத்தைச் சாமியார் கோயில் நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். உன் அப்பா அதோடு விட்டாரா, சாப்பிட உட்கார்ந்து "வெனிலா எடுத்ததுல புள்ளைங்க கண்ணு எப்படி மின்னுது பாத்தியா" என்றார். அன்றைக்கு அவருக்கு மட்டும் குழம்பில் உப்பு கூடிப் போனது, கை தவறிப் போட்டேன் என்று கடிதத்திலும் பொய் எழுத மனசில்லை.

அந்த வாரமே உன்னிடம் எந்த ஃப்ளாஷ்மா வாங்குறது என்று கேட்டேன். நீ "உனக்கு எதுக்கும்மா அதெல்லாம், இருக்கிறத வச்சு எடு" என்றாய். சரி என்று போனை வைத்துவிட்டேன். பிறகு நானே பஸ் ஏறினேன், கூட்டேரிப்பட்டில் டிராபிக்கில் முக்கால் மணி நேரம் நின்று, விழுப்புரத்தில் வேங்கடேசன் கடைக்குப் போய் வெனிலாவிடம் இருப்பது போலவே ஒன்றைக் கைகாட்டினேன். அந்த மனிதர் நல்லவர், "அம்மா, இது வேற கம்பெனி கேமராவுக்கு செஞ்சதுங்க, உங்க கேமராவோட பேசாது, அடிக்கும், ஆனா எவ்ளோ அடிக்கணும்னு அதுக்குத் தெரியாது. வெயிட்டும் ஜாஸ்தி, உங்க கேமரா குப்புற சாயும். உங்களுதுக்குன்னே சின்னதா ஒண்ணு கீது, பாக்கறீங்களா" என்று பொறுமையாகச் சொன்னார். என் காதில் சின்னது என்ற சொல் மட்டும்தான் விழுந்தது. அவளுக்குப் பெரிசு எனக்குச் சின்னதா என்று பெரியதையே வாங்கிக்கொண்டு வந்தேன்.

போன ஞாயிறு கிளியனூரில் தையல்நாயகி மகளுக்கு வளைகாப்பு. முதல் அடியிலேயே கிழவிகள் கண்ணை மூடிக்கொண்டார்கள். "என்னாக்கா, வெல்டிங் வைக்கிற மாதிரி கீதே" என்று தையல்நாயகி சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். பார்த்தால் பத்துப் படத்திலும் அந்தப் பெண் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர், கன்னத்தில் பூசிய சந்தனம்கூடத் தெரியவில்லை. ஜெனித், அது அவளுக்குத் தலைப்பிரசவம், திரும்ப ஒரு முறை வளையல் போடச் சொல்ல முடியுமா. வெனிலா அந்தப் பெண்ணோடு படித்தவளாம், பட்டுப்புடவையில் விருந்தாளியாக வந்திருந்தாள். யார் கண்ணில் படக்கூடாது என்று நினைத்தேனோ அவளே எழுந்து வந்து "அத்தை, குடுங்க" என்று வாங்கி, ஃப்ளாஷை நம் கையாலேயே கூட்டிக் குறைக்கிற மாதிரி மாற்றி, அது அடிக்கிற வேகத்தை நன்றாகக் குறைத்தாள். ஃப்ளாஷின் தலையை மேலே திருப்பிப் பார்த்தாள், பந்தல் துணி ரோஸ். "மேல அடிச்சா எல்லாரும் ரோஸ் கலராயிடுவாங்க அத்தை" என்று சொல்லி, வளைகாப்புப் பத்திரிகை அட்டையின் வெள்ளைப் பின்பக்கம் முன்னால் தெரிகிற மாதிரி ஃப்ளாஷுக்குப் பின்னால் வைத்து, தன் தலையிலிருந்த ரப்பர் பேண்டைக் கழற்றிக் கட்டினாள். "இப்ப அடிங்க." வெளிச்சம் அந்த அட்டையில் பட்டு மெத்தென்று விழுந்தது. வளையல் பளபளத்தது, அந்தப் பெண் கண்ணில் தண்ணீர் கட்டியது கூட படத்தில் வந்தது.

எனக்கு நன்றி வரவில்லை. இதெல்லாம் எங்கடி கத்துக்கினே என்று கேட்டேன். அவள் கள்ளமில்லாமல் "ஜெனித் அண்ணிதான் அத்தை. எந்த ஃப்ளாஷ் வாங்கறது, எப்படி அடிக்கறதுன்னு வீடியோ கால்ல ரெண்டு மணி நேரம் சொல்லிக் குடுத்தாங்களே, உங்களுக்குத் தெரியாதா" என்றாள். தெரியுமே என்று சொல்லிவிட்டு, எல்லாரும் கலவை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்க, நான் புழக்கடையில் போய் நின்றேன். ஃப்ளாஷ் அவளிடம் இருந்தது எனக்குப் பெரிதில்லையடி. அவள் கேட்டால் ரெண்டு மணி நேரம், நான் கேட்டால் எதுக்கும்மா. அவளுக்குக் கேமரா தொழில், அம்மாவுக்குப் பொழுதுபோக்கு என்று நினைத்துவிட்டாய் போலிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை மறுபடி விழுப்புரம் போனேன். வேங்கடேசன் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுக்கச் சம்மதித்தார். இந்த முறை கேமராவைக் கையோடு கொண்டுபோய், ஒவ்வொன்றாக மாட்டி, ஒரு கையில் பிடித்தால் சாய்கிறதா, தலை மேலேயும் பக்கத்திலும் திரும்புகிறதா, கண்ணாடி போடாமல் பேட்டரி மாற்ற முடிகிறதா என்று பார்த்து, என் கேமராவோடு பேசுகிற சின்னதையே எடுத்தேன். "நல்லா பாத்து வாங்கறீங்களே, யாரு சொல்லிக் குடுத்தது" என்றார். பொண்ணு மஸ்கட்டுல இருக்கா, அவளுக்கு நேரமில்ல, எங்க வெனிலாதான் சொல்லிக் குடுத்தா என்றேன். சொன்ன பிறகுதான் அந்தப் பெண்ணுக்கு நான் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லவில்லையே என்று உறைத்தது, அங்கிருந்தே நேராக அவள் வீட்டுக்குப் போனேன். காபி போட்டுக் கொடுத்தாள். அடுத்த மாதம் மயிலத்தில் ஒரு கல்யாணம், மேடை அவளுக்கு, பெண் வீட்டார் அறை எனக்கு, இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போகிறோம். இதை உன்னிடம் அவள் சொல்லுமுன் நானே எழுதுகிறேன். உனக்குக் கொஞ்சம் சுருக்கென்று இருந்தால் இருக்கட்டும்.

ஈரத் தலையோடு ஏசியில் படுக்காதே, மாப்பிள்ளையைக் கோபத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடாதே. வேளாங்கண்ணி மாதா உங்கள் இரண்டு பேரையும் தன் முந்தானையில் வைத்துக் காக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, கேமராவில் வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டுகிற இந்த ஐஎஸ்ஓ என்பதை ஃப்ளாஷ் போட்ட பிறகு எவ்வளவில் வைக்க வேண்டும் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. வெனிலாவிடம் கேட்டால் உடனே சொல்வாள். கேட்கவில்லை, உன்னிடம் கேட்கவென்றே வைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை உனக்கு லீவுதானே, கூப்பிடு.

இப்படிக்கு
உன் அம்மா
இ. சூசை மேரி