பாவு முடியட்டும்

தறியில் ஏற்றிய பாவு நூல் தீரும்வரை மகள் காஞ்சனாவைப் பள்ளிக்கு அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டு, துளசிங்கம் டீக்கடைக்குப் போயிருந்தான். அந்த நேரம் பார்த்து அவன் மனைவி வள்ளிநாயகி ஒரு சீட்டு எழுதித் தறியில் செருகினாள்.

"காஞ்சனா நைனாவுக்கு,

பானையில சோறு இருக்குது. கத்திரிக்காய்க் குழம்பைச் சுட வெச்சிக்கோங்க. முதலாளி ஆளு சேலை கேட்டு வந்தா, தார்க்குச்சியில நூல் சுத்திக் குடுக்க ஆளில்லைன்னு சொல்லிடுங்க.

காஞ்சனாவைத் திருத்தணி பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கினு போறேன். அக்கா வீட்டுலதான் இருப்போம்.

அந்தக் காலத்துல உங்க நைனாவைக் கையக் காலப் புடிச்சித் தூக்கிக்கினு போய்ப் பள்ளிக்கூடத்துல போட்டாங்களாம். உங்களை அவரு, 'பாவு முடியட்டும், போவலாம்'னு மூணாவதுல நிறுத்தினாரு. அது முடியறதுக்குள்ள அதோட வால்லயே புதுப் பாவைப் பிணைச்சிட்டாரு. இவ தானா ரெட்டை ஜடை போட்டுக்கினு கெளம்பி நிக்கிறா. இவளைத் தடுக்க நீங்க இருக்கீங்க.

மோரு உறியில இருக்குது."

கீழே இடமில்லை. ஓரத்தில் நெருக்கி எழுதினாள்:

"நான் எப்போ வருவேன்னு ஆள் விட்டுக் கேக்காதீங்க. பாவு முடியட்டும், வரேன்."