இரண்டு சாண் உயரம்

வால்பரைசோ, ஆந்தைக் குன்று
4 ஜூன் 1996

என் அன்புக்குரிய சுனில்டா,

இங்கே எல்லோரும் சுகம். நீயும் அந்தப் பனிக்கட்டி தேசத்தில் சளி இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் பாதி நேரம் "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே போய்விடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

உன் வீடு பத்திரம். வாரம் ஒருமுறை சாவியோடு போய் ஜன்னல்களைத் திறந்துவிட்டு வருகிறேன். போன மழையில் சமையலறைத் தகரம் ஒழுகியது. நெல்சன் ஏறித் தார் பூசினான். என் பிள்ளைக்கு வேலை போய் இரண்டு வருஷம் ஆகிறது. பகலெல்லாம் கட்டிலில் கிடக்கிறான். உன் கூரை ஒழுகினால்தான் சட்டையை மாட்டுகிறான். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

இப்போது கெட்ட செய்தி. உன் வீட்டுக்கு நேர் கீழே இருக்கிற பழைய சோப்புக் கிடங்கு விலை போய்விட்டது. அந்த இடத்தில் மூன்று மாடிக்கு மேல் கூடாது என்று இருந்த விதியை மாற்றி, பன்னிரண்டு வரை கட்டலாம் என்று நகராட்சி புது வரைபடம் ஒட்டியிருக்கிறது. ஜூலை 17, பள்ளிக்கூட ஹாலில் பொதுக் கூட்டம். ரொட்டிக்கடை லூச்சோ அண்ணன் வரைபடத்தின் முன்னால் நின்று கத்திய கத்தல் துறைமுகம் வரை கேட்டிருக்கும்: "நான் ஒத்த மாடி கட்ட சுனில்டாகிட்ட கம்பு தூக்கிக் காட்டினவன். இவனுங்க யாருகிட்டடா கம்பு காட்டினானுங்க?"

குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ஊரில் இல்லாத வீட்டுக்காரர்கள் ஆட்சேபணையைக் கடிதமாக அனுப்பலாம். கூட்டத்தில் நான் அதை வாசித்தால் குறிப்பேட்டில் ஏறும். உடனே எழுது.

உன்
இஸ்மேனியா


கோத்தன்பர்க்
23 ஜூன் 1996

அடி இஸ்மே,

உன் கடிதத்தை ஆஸ்பத்திரி வராந்தாவில் துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு நின்றபடியே படித்தேன். மேற்பார்வைக்காரி இரண்டு தடவை கனைத்தாள். கனைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

லூச்சோ அண்ணன் அந்தக் கம்பை இன்னும் மறக்கவில்லையா? அறுபத்தெட்டாம் வருஷம். அவர் பொண்டாட்டியின் ஏப்ரனைக் கம்பில் கட்டி, கூரை வரப்போகிற உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். நான் சமையலறை ஜன்னலோரம் நாற்காலியில். நம் குன்றில் எப்போதும் மேல்வீட்டுக்காரியை உட்கார வைத்துத்தானே கேட்பார்கள், டீயை யாரும் நின்றுகொண்டு குடிப்பதில்லையே. "கடல மறைக்குதா? எறக்கணுமாம்மா?" என்றார். "ரெண்டு சாண்" என்றேன். மறுபேச்சில்லாமல் இரண்டு சாண் இறக்கினார். இன்றுவரை சொந்தச் சமையலறையில் தலையை இடித்துக்கொள்கிறார், பாவம்.

இருபத்திரண்டு வருஷமாக இங்கே தரை துடைத்தது எதற்காக என்று யாராவது கேட்டால், அந்த நாற்காலிக்காக என்றுதான் சொல்வேன். மார்ச்சில் ஓய்வு. அந்த மாதமே வந்துவிடுவேன். வந்து உட்கார்ந்து விரிகுடாவைப் பார்த்தபடி சாகிறவரை டீ குடிப்பேன். எனக்கு வேறு ஆசை கிடையாது. என் கணவர் மரியோவும் அந்த ஜன்னலைப் பற்றிப் பேசிக்கொண்டேதான் கண்ணை மூடினார்.

ஆட்சேபணைக் கடிதத்தைத் தனி உறையில் ஒட்டி வைத்திருக்கிறேன். மூன்று இரவு எழுதினேன். சத்தமாக வாசி. முக்கியமான இடத்தில் மூக்கைச் சிந்தாதே.

நெல்சனுக்கு முத்தங்கள். அவனைத் திட்டாதே.

உன்
சுனில்டா


வால்பரைசோ
21 ஜூலை 1996

என் அன்புக்குரிய சுனில்டா,

கூட்டம் முடிந்தது. முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன்: விதி மாறிவிட்டது. பன்னிரண்டு மாடி.

ஆனால் சும்மா விட்டுவிட்டோம் என்று நினைக்காதே. நகராட்சித் திட்ட அதிகாரி உர்சுவா திரையில் விளக்கப் படம் காட்டி, "வளர்ச்சி வேணாம்னு யாராவது சொல்வீங்களா?" என்றார். லூச்சோ அண்ணன் எழுந்து, "வளரட்டும் சார், எங்க தலைமேல ஏறி நின்னுதான் வளரணுமா?" என்றார். ஹால் முழுக்கச் சிரிப்பு. என்னை மேடையில், மைக்குக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள்.

உன் கடிதத்தை வாசித்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். மருந்துக்கடைக்காரி அழுதேவிட்டாள். அதற்குப் பிறகும் கவுன்சிலர்கள் மாற்றத்துக்கு ஆதரவாகக் கை தூக்கிவிட்டார்கள். நாம் என்ன செய்ய முடியும்?

நெல்சனுக்கு வேலை கிடைத்திருக்கிறது. கட்டட வேலை நடக்கும் இடம் ஒன்றில் காவலாள். முகம் தெளிந்திருக்கிறது, தானாகவே முகச்சவரம் செய்துகொள்கிறான்.

மனதைத் தளரவிடாதே.

இஸ்மேனியா


கோத்தன்பர்க்
6 ஆகஸ்ட் 1996

என் கண்ணே இஸ்மே,

தோற்றது தோற்றதுதான். ஆனால் என் வார்த்தையை நீ அந்த ஹாலில் வாசித்தாய், நம் ஆட்கள் கை தட்டினார்கள் என்பதை நினைத்து நினைத்து இரண்டு நாள் அழுதேன், சந்தோஷமாகத்தான். இவ்வளவு வருஷம் கழித்தும் எனக்கு அந்தக் குன்றில் ஒரு குரல் இருக்கிறது! எந்த இடத்தில் கை தட்டினார்கள்? மரியோவைப் பற்றிய இடத்திலா? லூச்சோ அண்ணன் என்ன சொன்னார்? ஒன்றுவிடாமல் எழுது, கஞ்சத்தனம் செய்யாதே.

இன்னொன்று. இங்கே நம் ஊர் வக்கீல் ஒருவர் இருக்கிறார். அவரிடம் பேசினேன். ஆட்சேபணை குறிப்பேட்டில் பதிவாகியிருந்தால் மேல்முறையீடு செய்யலாமாம். செப்டம்பர் 15 கடைசித் தேதி. வலுவான வழக்கு என்கிறார். அந்தப் பக்கத்தின் நகல் மட்டும் வேண்டும். உன் முத்து முத்தான கையெழுத்தில் என் பெயரைப் பார்க்க ஆசையாகவும் இருக்கிறது.

நெல்சன் வேலைக்குப் போவது எனக்கும் பாதி பாரம் இறங்கின மாதிரி.

உன்
சுனில்டா


வால்பரைசோ
26 ஆகஸ்ட் 1996

அன்புள்ள சுனில்டா,

உன் கடிதம் கிடைத்தது. நகலெடுக்கும் மெஷின் பழுதாகியிருக்கிறது. குறிப்பேடும் தலைவர் வீட்டில் இருக்கிறது, அவர் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார். வந்ததும் பார்க்கிறேன். இங்கே ஓயாத மழை.

இஸ்மேனியா


வால்பரைசோ
20 செப்டம்பர் 1996

சுனில்டா,

தேதி தாண்டிவிட்டது என்று எனக்குத் தெரியும். தாண்டட்டும் என்று காத்திருந்துதான் எழுதுகிறேனோ என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அப்படித்தான் என்று தோன்றுகிறது.

உன் கடிதத்தை நான் வாசிக்கவில்லை. யாரும் கை தட்டவில்லை. மருந்துக்கடைக்காரி கூட்டத்துக்கே வரவில்லை. மெஷின் பழுதில்லை. குறிப்பேடு இதோ என் மேஜைமேல் இருக்கிறது.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் உர்சுவா என் வீட்டுக்கு வந்தார். டீ குடித்தார். "உங்க பையன் சும்மாதான இருக்கான்? கட்டறவங்க ஒரு காவலாள் கேட்டாங்க, அவன் பேரச் சொல்லிடவா?" என்றார். கிளம்பும்போது வாசலில் நின்று, "கூட்டம் சுமுகமா முடிஞ்சாப் போதும்மா" என்றார். அவ்வளவுதான். கடிதத்தை மறைக்கச் சொல்லி அவர் கேட்கவேயில்லை. அப்படிக் கேட்டிருந்தால் இன்று பழியைப் போட ஒரு ஆளாவது இருந்திருப்பார்.

மேடையில் மைக்கை என் பக்கம் திருப்பி, "எழுத்து மூலமா ஏதாவது வந்திருக்கா, செயலாளரம்மா?" என்றார். உன் உறை என் மடியில் பைக்குள் இருந்தது. "இல்லை" என்றேன். அன்றைக்கே வீட்டுக்கு வந்து, "எழுத்து மூலமான ஆட்சேபணை ஏதும் பெறப்படவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுத்து வழக்கம்போல முத்து முத்தாக விழுந்தது. அதை நினைத்தால்தான் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

பதினெட்டாம் தேதி, சுதந்திர தினம். எல்லோரும் பட்டம் விட்டார்கள். லூச்சோ அண்ணன் நூலை அளந்து, பன்னிரண்டு மாடி உயரமான முப்பத்தாறு மீட்டரில் அடையாளத்துக்குச் சிவப்பு நூல் கட்டி, காற்றில் சாய்வதற்கென்று கொஞ்சம் கூட்டி, கிடங்கு முற்றத்தில் போய் நின்றார். "நாம முறைப்படி செஞ்சிடுவோம். சாவி உங்ககிட்டதான இருக்கு? போய் சுனில்டா நாற்காலியில உக்காருங்க" என்றார். நான் எப்படி மாட்டேன் என்பேன்?

இத்தனை வருஷம் உன் வீட்டு ஜன்னல்களைத் திறந்து மூடியிருக்கிறேன், அந்த நாற்காலியில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. அன்று உட்கார்ந்தேன். கப்பல்கள், எதிர்க்கரை, எல்லாம் அந்த ஜன்னலுக்குள் இருந்தன. பிறகு பட்டம் மேலேறியது. ஏறிக்கொண்டே போய் ஜன்னலின் மேல் சட்டத்தையும் தாண்டிவிட்டது. வால் மட்டும் தெரிந்தது. கீழேயிருந்து அண்ணன், "பாத்துச் சொல்லுங்கம்மா! எறக்கணுமா?" என்று கத்தினார். மூன்று முறை கத்தினார்.

கீழே போய் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நூலைச் சுற்றிக்கொண்டே கேட்டார். "அடுப்புல ரொட்டி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நேற்றும் இன்றும் நான் கடைக்குப் போனபோது அவர் உள்ளே போய்விட்டார், பொண்டாட்டிதான் ரொட்டியைக் கொடுத்தாள்.

அன்றுதான் உன் உறையைப் பிரித்தேன். ஆமாம், அதுவரை பிரிக்கக்கூட இல்லை. கடைசி வரியைப் படித்தேன்: "இதை வாசிப்பவள் என் தோழி. அவள் வாசித்தால் நானே எழுந்து பேசியதாக எடுத்துக்கொள்ளுங்கள்."

நேற்றுச் சங்கக் கூட்டத்தில், போன குறிப்புகளை வாசிக்கும் நேரத்தில், ஆட்சேபணை பெறப்படவில்லை என்று நான் எழுதிய வரி பொய் என்று சொல்லி அடித்துவிட்டு உன் கடிதத்தை முழுக்க வாசித்தேன். பதினொரு பேர் இருந்தார்கள். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. இன்று நகராட்சிக்கும் எழுதி நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். காலம் கடந்துவிட்டது என்றார்கள்.

நெல்சனிடமும் சொன்னேன். "அப்ப நான் வேலைய விட்டுடணுமாம்மா?" என்று கேட்டான். விட்டுவிடு என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை, சுனில்டா. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அவன் இன்று காலையும் சாப்பாட்டு டப்பாவோடு அந்தக் கிடங்குக்குத்தான் போனான்.

மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை. திட்டியாவது எழுது.

இஸ்மேனியா


கோத்தன்பர்க்
10 அக்டோபர் 1996

செயலாளர் அவர்களுக்கு,
ஆந்தைக் குன்று குடியிருப்போர் சங்கம்.

தங்கள் 20 செப்டம்பர் தேதியிட்ட கடிதம் கிடைத்தது.

என் வீட்டுச் சாவியைத் திரு. லூச்சோவிடம் ஒப்படைக்கவும். மார்ச்சில் நான் வரவில்லை. வீட்டுச் சாமான்களை அவர் விருப்பப்படி எடுத்துக்கொள்ளலாம், நாற்காலி உட்பட.

தங்கள் மகன் வேலையை விட வேண்டாம். அவன் ஒரு தவறும் செய்யவில்லை.

திரு. லூச்சோ தமது கூரையை இரண்டு சாண் உயர்த்திக்கொள்ளலாம். மேல்வீட்டுக்காரிக்கு இனி அதில் ஆட்சேபணை இல்லை.

இதைக் கூட்டத்தில் வாசித்து, குறிப்பேட்டில் பதிவு செய்யவும்.

இப்படிக்கு,
சுனில்டா பர்ரீயா