நாலு முத்தம் முடிவதற்குள்

அன்பு மகள் ஒரேலிக்கு, அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் குட்டியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம். போன வாரம் எழுதியிருந்தால் இந்த வரி பாதி பொய்யாக இருந்திருக்கும், இன்று முழு உண்மை. போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் திருத்துவார், அதனால் அவர் டிராக்டரை எடுத்துக்கொண்டு போன நேரம் பார்த்து எழுதுகிறேன்.

உன் பிரசவத்துக்கு அப்பா வரமாட்டார் என்பதுதான் இத்தனை நாளும் எனக்கு நெஞ்சில் கனம். இதய ஆபரேஷனுக்குப் பிறகு, நீ இருக்கும் மோன்பெலியே வரைக்கும் கார் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், ரயில் என்றாலோ இவர் முறைக்கிறார். நம் வயலை இரண்டாக வெட்டிக்கொண்டு போகிற ரயிலில் உட்காரமாட்டேன் என்று நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் சொன்னவர், இன்னும் அதே பாட்டுதான். பீட்ரூட் வயல் நடுவே கட்டி வைத்திருக்கும் அந்த ஸ்டேஷனுக்கு யாரைக் கொண்டுவிடப் போனாலும் வெளியே காரோடு நின்றுவிடுவார். இவரைத் தனியாக விட்டுவிட்டு வரவும் எனக்குப் பயம், உன்னிடம் வராமல் இருக்கவும் முடியாது, தூக்கம் போனதுதான் மிச்சம்.

வியாழக்கிழமை ஜோசியான் பெரியம்மா நம் வீட்டிலிருந்து லியோனுக்குத் திரும்பினாள். அவள் பெட்டியைப் பார்த்திருக்க வேண்டும் நீ, உருளைக்கிழங்கும் மரொயல் பாலாடைக்கட்டியுமாகப் பிதுங்கிக்கொண்டிருந்தது, வாசனை வேறு. என் முதுகு விஷயம்தான் உனக்குத் தெரியுமே, வேறு வழியில்லாமல் அப்பா முணுமுணுத்துக்கொண்டே பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். ரயில் வந்து நின்றதும் கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு ஏறி, பெட்டியை மேலே வைத்தார். அப்படியே இறங்கியிருக்கலாம். விடைபெறும்போது, லியோன்காரியாகிவிட்ட அக்கா அந்த ஊர் வழக்கப்படி கன்னத்தில் இரண்டு முத்தத்தோடு முகத்தை எடுத்துக்கொண்டாளாம், என்ன ஜோசியான், கோபமா என்று கேட்டு, நம் ஊர் வழக்கப்படி நாலாக்க மீதி இரண்டையும் கொடுத்து முடிப்பதற்குள் கதவு மூடிவிட்டது. ஜன்னல் வழியாக அவர் முகத்தைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரயிலைக் காணோம்.

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. அப்புறம்தான் கையிலிருந்த கோட்டைத் தடவிப் பார்த்தேன், போனும் அதில், இதய மாத்திரையும் அதில். அடுத்த நிறுத்தமே லியோன். கோபத்தில் ரத்தம் கொதித்து நடுவழியில் ஏதாவது ஆகிவிட்டால் என்று டிக்கெட் கவுண்டருக்கு ஓடினேன். அங்கே இருந்த பெண் என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள், ரயிலில் இருக்கும் கண்டக்டருக்கும் பேசினாள். அக்காவுக்குப் போன் போட்டால், அவர் நன்றாக இருக்கிறார், ஜன்னலோர சீட்டைப் பிடுங்கிக்கொண்டு வாயே திறக்கவில்லை என்கிறாள். வாய் திறக்கவில்லை என்றதும் எனக்கு இன்னும் பயம். லியோனில் இறங்கியதும் மருந்துக்கடைக்கு அழைத்துப் போய் மாத்திரை வாங்கிக் கொடுத்து, சாயங்கால வண்டியில் ஏற்றி அனுப்பினாள். முத்தம் இரண்டோடு நிறுத்திக்கொண்டாளாம்.

அவர் இறங்கி வந்தபோது நான் திட்டுவதற்கு நிறைய வைத்திருந்தேன், ஆனால் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். காரில் கொஞ்ச தூரம் வந்த பிறகு அவராகவே சொன்னார். "நம்ம வயல் வருதான்னு பாத்துக்கிட்டே இருந்தேன் கிஸ்லேன். இதோ வந்துடுச்சுன்னு கண்ணாடிய தொடைச்சேன், அதுக்குள்ள போயிடுச்சு. இத்தன வருஷக் கோபம், ஒரு தும்மல் தும்முற நேரம்கூட இல்ல."

வீட்டுக்கு வந்து சூப் குடிக்கும்போது, லியோனிலிருந்து மோன்பெலியே பக்கம்தானாமே, கண்டக்டர் சொன்னார் என்றார். ரொட்டியை நனைத்துக்கொண்டே, உனக்கு எடுக்கும்போது எனக்கும் ஒரு டிக்கெட் எடு, ஜன்னலோரம் வேண்டும் என்றார். அந்த ராத்திரிதான் நான் முழுசாகத் தூங்கினேன் மகளே. அறுவடை முடிந்ததும் இரண்டு பேருமாக வருகிறோம்.

நீ படியில் பார்த்து நட, உப்பைக் குறை, டாக்டர் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையை மறக்காதே, மறந்தால் என்ன பாடு என்று இப்போது தெரிந்திருக்கும். அப்பாவிடம் இதை நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. கடவுள் துணையால் பிள்ளை நல்லபடியாகப் பிறக்கட்டும், நீங்கள் மூவரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அம்மா,
கிஸ்லேன்

ஒரேலி, அம்மா இந்தக் கடிதத்தை மேஜைமேல் விட்டுப் போயிருந்தாள், படித்துவிட்டேன். மூன்று முத்தம் முடிந்திருந்தது, நாலாவதில்தான் கதவு மூடியது. நாங்கள் வரும்போது நீ ஸ்டேஷனுக்கு வா. ஆனால் பெட்டியை வாங்குகிறேன் என்று ரயிலில் மட்டும் ஏறிவிடாதே. நானே இறங்கி வருகிறேன்.

அப்பா