அந்த இரண்டு புள்ளிகள்

மார்ச் 1, வெள்ளி

கண் ஆஸ்பத்திரி இணையதளத்தின் புதுப் பக்கங்கள் தயார். திங்கள் காலை ஏறும். பக்கங்களைச் செய்தது பொறுமை. அவை உள்ளே இழுத்துக்கொள்ளும் முன்பதிவுப் படிவம் மட்டும் நான் இரண்டு வருடம் முன்பு எழுதியது.

பொறுமை என்பது ஆபீஸ் வைத்த பெயர். நாற்பத்தாறு வயதில் வேலை மாறி வந்தவர், எதற்கும் "பொறுமையா பாப்போம்" என்பார். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். அவருடைய சோதனைக் காலம் புதனோடு முடிகிறது. எனக்கு இந்த மாதம் குழுத் தலைமை கிடைக்கலாம். ஐந்து வருடக் காத்திருப்பு.

என் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தேன். ஜோராக ஓடியது.

மார்ச் 4, திங்கள்

படிவத்தைத் திறந்தால் வெறும் வெள்ளைப் பக்கம். காலையிலிருந்து ஒருவராலும் முன்பதிவு செய்ய முடியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து போன் மேல் போன். மேலாளர் வந்து நின்றார்.

"யாரு கை வெச்சது?"

"புதுப் பக்கம் அவரோடது. என் மெஷின்ல நல்லாத்தான் ஓடுது" என்றேன். பொறுமை அதற்குள் பழைய பக்கங்களைத் தேட ஆரம்பித்திருந்தார்.

பழைய பக்கங்களைத் திரும்பப் போட்டோம். மேலாளர் என்னைத் தனியே கூப்பிட்டு, "புதன்கிழமையோட அவரை அனுப்பிடலாம். நீங்க ஒரு அறிக்கை மட்டும் குடுங்க" என்றார்.

மார்ச் 5, செவ்வாய்

அறிக்கைக்காக சர்வரின் பிழைக் குறிப்பைத் திறந்தேன். என் படிவம், இல்லாத ஃபோல்டரில் போய் டேட்டாபேஸ் இணைப்புக் கோப்பைத் தேடியிருக்கிறது.

நான் எழுதியது இரண்டு புள்ளி, ஒரு சாய்கோடு. ஒரு படி மேலே போய் எடு என்று அர்த்தம். எங்கிருந்து மேலே? படிவம் இருக்கும் இடத்திலிருந்து என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இல்லையாம். தளத்துக்கு வருகிறவர் திறக்கும் பக்கத்திலிருந்து. பழைய பக்கங்கள் படிவத்தோடு ஒரே ஃபோல்டரில் இருந்தன; பொறுமையின் பக்கம் வேறு ஃபோல்டரில் இருந்தது.

அப்புறம் என்கிட்ட மட்டும் எப்படி ஓடுச்சு? தேடினேன். போன வருடம் ஏதோ சோதனைக்கு நானே என் கம்ப்யூட்டரில் அந்த இடத்தில் இணைப்புக் கோப்பின் பழைய நகலைப் போட்டு மறந்திருக்கிறேன். அதை அழித்துவிட்டு ஓட்டினேன். வெள்ளைப் பக்கம்.

வெள்ளிக்கிழமை பொறுமை அனுப்பிய செய்தியும் கண்ணில் பட்டது. "மேடம், உங்க படிவத்துல அந்த ரெண்டு புள்ளி எங்கேருந்து எண்ணுது?"

என் பதில்: "ரெண்டு வருஷமா ஓடுற கோப்பு. தொடாதீங்க."

இதைக் காட்டியிருந்தால் அவர் நேற்றே தப்பித்திருப்பார். ஏன் காட்டலை?

வீட்டில் அக்காவிடம் சொன்னேன். "அறிக்கைல என்ன எழுதப் போற?" என்றாள். தெரியலக்கா. தலைமை போயிடும். நிஜமாவே தெரியல.

மார்ச் 6, புதன்

கொடுத்துவிட்டேன். அந்தச் செய்தியையும் என் பதிலையும் சேர்த்தே. மேலாளர் இரண்டு முறை படித்தார், என்னை உட்காரச் சொல்லவில்லை.

வெளியே வந்து பொறுமையிடம் கேட்டேன், ஏன் காட்டவில்லை என்று.

"நீங்களே பாத்துடுவீங்கன்னு நெனச்சேன்."

"பாக்கலைன்னா?"

"இன்னிக்கு மத்தியானம் காட்டியிருப்பேன் மேடம். எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

மார்ச் 7, வியாழன்

அவர் வேலை நிரந்தரம். தலைமை வேறு ஒருவருக்கு. அழுதேன்.

மார்ச் 28, வியாழன்

இப்போது புது விதி. இன்னொருவர் பார்க்காமல் எந்தக் கோப்பும் ஏறக்கூடாது. என் கோப்புகள் பொறுமைக்குப் போகின்றன.

இன்று ஒன்று திரும்பி வந்தது. பதினேழாவது வரிக்குப் பக்கத்தில், "இது எங்கேருந்து எண்ணுது மேடம்?"

சுள்ளென்று வந்தது. பதிலும் பாதி அடித்துவிட்டேன். அழித்துவிட்டு, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அவர் மேசைக்குப் போனேன்.